சர்வீஸ் லிஃப்டில் நான் ஒட்டிய நோட்டீஸ்

ஹரிணிக்கு,

இதைப் பேனாவால் எழுதுகிறேன். போனில் இரண்டு வரி தட்டி அனுப்பிவிடேன் என்று உன் அப்பா சொன்னார். போனில் இரண்டு வரி தட்டி அனுப்பியதால்தான் இந்த வீடு இப்படிக் கிடக்கிறது. இனி கொஞ்ச நாளைக்கு நான் எதையும் தட்டுவதாக இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலத்தில் கரும்பலகையில் என் எழுத்து மணி மணியாக இருக்கும். இப்போது கோழி கிளறினாற்போல் வருகிறது. திட்டாமல் படி.

நாளைக் காலை ஆனேக்கல் கோர்ட் வளாகத்தில் சமரசப் பேச்சு. ஒரு பக்கம் நம் அபார்ட்மெண்டின் செக்ரட்டரி என்ற முறையில் நான். இன்னொரு பக்கம் நம் பில்டிங்கில் வேலை பார்த்த அமுதா. அவள் மனுவை எழுதிக் கொடுத்தது உன் காலேஜின் சட்ட உதவி மையம். நீ அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை, காலேஜ் பக்கத்தில் ஒரு பிஜி ஹாஸ்டலில் போய் உட்கார்ந்திருக்கிறாய். அழைத்தால் எடுத்து "சாப்டேன்மா, வச்சிடறேன்" என்கிறாய். நாளை அந்த அறையில் நான் வாயைத் திறந்து என்ன சொல்கிறேனோ அதை வைத்துத்தான் அமுதா இனி இந்தப் பக்கத்தில் எந்த கேட்டிலாவது நுழைய முடியுமா என்பது இருக்கிறது. நீ இந்த வீட்டுக்குள் நுழைவாயா என்பதும் அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நீ அப்படிச் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் உன் மேல் எனக்கிருக்கும் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மா மனசு மாறிவிட்டாள், மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு படிக்காதே. கோபம் அப்படியே இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் நான் ஊற்றிக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு, நான் சீரியல் பார்த்துச் சிரித்தால் கூடச் சிரித்துக்கொண்டு, என் பெயர் போட்ட மனு ஒன்று தயாராகிறது என்று தெரிந்தும் மூச்சு விடாமல் இருந்தாயே, எப்படி முடிந்தது உன்னால்? என் வயிற்றில் பிறந்தவளுக்கு இத்தனை அழுத்தம் எங்கிருந்து வந்தது? எனக்கு ஒரு வாய் வார்த்தைகூட நெஞ்சில் நிற்காது, உனக்கே தெரியும்.

நீ சட்ட உதவி மையத்தில் சேர்ந்தபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? உன் பெரியப்பா மகன் ஏசி ரூமில் கம்பெனி வக்கீல்களிடம் பயிற்சிக்குப் போனான். நீ சனிக்கிழமை சனிக்கிழமை சந்தாபுரா சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் மேஜை போட்டு, ரேஷன் கார்டுக்கும் விதவைப் பென்ஷனுக்கும் மனு எழுதிக்கொண்டிருந்தாய். "காலேஜுக்கு ஃபீஸ் கட்டுறது இதுக்காடி? கோர்ட்ல பேசக்கூட உங்கள விட மாட்டாங்களாமே" என்றேன். "பேச விடமாட்டாங்கம்மா. கேக்க விடுவாங்க" என்றாய். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம் ஒரு நாள் நீ டப்பாவை மறந்துவிட்டுப் போக, எலுமிச்சை சாதத்தை எடுத்துக்கொண்டு நானே வந்தேன். ஓசூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் கன்னடத்தில் வந்த ஏதோ நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு உன் எதிரே உட்கார்ந்திருந்தார். நீ வரிவரியாகப் படித்துத் தமிழில் சொன்னாய். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் இல்லை, தண்ணீர் இணைப்புக்கு ஆதார் கேட்கிறார்கள், அவ்வளவுதான் என்றாய். அந்த மனிதர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. நான் சாதத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் அலட்டல் தாங்கவில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். உங்கள் முகாம் நோட்டீஸைக் கேட்டு வாங்கி, தமிழிலும் கன்னடத்திலும் இருந்ததை, நம் பில்டிங் சர்வீஸ் லிஃப்டில் நான்தான் ஒட்டினேன். வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள், செக்யூரிட்டி எல்லாரும் அந்த லிஃப்டில்தான் போக வேண்டும் என்று விதி. அந்த விதியையும் நான்தான் போட்டேன். "பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி" என்ற வரியின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். என் பொண்ணு அங்கதான் இருப்பா, போய்ப் பாருங்க என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அமுதாவிடமும் சொன்னேன். "இப்ப எனக்கு என்னங்கம்மா கேஸு" என்று சிரித்தாள்.

இனி அந்த நாள். நீ மனுவில் படித்திருப்பாய், ஆனால் என் வாயால் நான் இதுவரை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அமுதா மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் அம்மா வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிற பெண். மத்தியானம் அந்தப் பெண் என் வீட்டுக் கதவை இடித்துக்கொண்டு வந்தாள். "ஆன்ட்டி, பாப்பா இல்ல, அமுதாவும் இல்ல" என்று அலறினாள். செருப்பில்லை, கண் சொருகுகிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? கீழே ஓடி கேட்டில் கேட்டிருக்கலாம். கேமராவைப் பார்த்திருக்கலாம். அமுதா நம்பரை அழைத்திருக்கலாம், என் போனிலேயே இருந்தது. நான் செய்தது என்ன தெரியுமா? ஆயுத பூஜையன்று லாபியில் எடுத்த குரூப் போட்டோவைத் தேடி எடுத்து, அமுதாவை மட்டும் வெட்டி, "குழந்தையைத் தூக்கிச் சென்றுவிட்டாள், எங்கும் உள்ளே விடாதீர்கள்" என்று எழுதி, நம் வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றுவட்டார அபார்ட்மெண்ட் செக்ரட்டரிகள் குரூப்பிலும் போட்டேன். கை நடுங்கவே இல்லை, ஏதோ பெரிய காரியம் செய்கிற மாதிரி இருந்தது.

பால் பொங்கி அடங்குகிற நேரம்கூட ஆகியிருக்காது, அமுதா குழந்தையோடு கேட்டில் வந்து நின்றாள். குழந்தை கையில் பிஸ்கட். கூட்டம் சூழ்ந்துகொண்டது. பாப்பா மூக்கில் கொண்டைக்கடலையைப் போட்டுக்கொண்டது, மூச்சுத் திணறியது, அறைக் கதவைத் தட்டினேன், அம்மா காதில் ஹெட்போன் போட்டிருந்தார்கள் போல, திறக்கவில்லை, எதிரே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்றாள். தட்டவே இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள். நான் யாரை நம்புவது? செயினும் சொத்தும் காணாமல் போனால் யோசிப்பேன், குழந்தை என்றால் யோசிக்க முடியுமா என்று எல்லாரும் பேசினார்கள், நானும் பேசினேன். அமுதாவை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். நம் குரூப்பில் போட்டதை அழித்துவிட்டேன், குழந்தை வந்துவிட்டது என்று ஒரு வரி போட்டேன், விஷயம் முடிந்தது என்று படுத்துத் தூங்கினேன். மற்ற குரூப்புகளில் அது எங்கெங்கே போனது, எந்தெந்த கேட்டில் ஒட்டினார்கள் என்று நான் கேட்கவே இல்லை. ரோட்டைத் தாண்டினால் டாக்டர் கிளினிக். ஒரு நாள்கூட அங்கே போய் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

அமுதாவின் மனுவோடு சமரசப் பேச்சுக்கான நோட்டீஸ் தபாலில் வந்த காலையில் நீ தோசை ஊற்றிக்கொண்டிருந்தாய். மனுவின் கீழே உன் காலேஜ் முத்திரை. அதை உன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நீதானே எழுதின?"

"நான் எழுதலம்மா. அந்தக்கா உன் பேரச் சொன்னதும் எங்க மேடம்கிட்ட விஷயத்தச் சொல்லிட்டு எழுந்து போய்ட்டேன். வேற ஸ்டூடண்ட் எழுதினா."

"அப்ப உனக்குத் தெரியும். என்ன சொன்னா அவ? என்னப் பத்தி என்ன சொன்னா?"

"சொல்லக் கூடாதும்மா."

"யார்கிட்டடி சொல்லக் கூடாது? நான் உன் அம்மா!"

"அதனாலதாம்மா."

அப்போதுதான் அதைச் சொன்னேன். என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு என் மேலயே கேஸ் போடறியா என்றேன். நீ அடுப்பை அணைத்தாய். கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டு, எடுத்து, என் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டாய். கத்தியிருந்தால் தேவலை. நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சாயங்காலம் சரியாகியிருக்கும். நீ தோசையை வைத்துவிட்டுப் போனதுதான் இன்றுவரை தொண்டையில் நிற்கிறது.

உனக்கு ஏழாம் வகுப்பில் நடந்தது நினைவிருக்கிறதா? அப்போது நாம் மல்லேஸ்வரத்தில் வாடகைக்கு இருந்தோம். உன் சிநேகிதி ஏதோ செய்துவிட்டாள், உனக்குத் தெரியும், அவள் யாரிடமும் சொல்லாதே என்றிருக்கிறாள். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க மகள் வாயைத் திறக்க மாட்டேங்கிறா" என்றார். நீ சுவரோரமாக நின்றுகொண்டு காலால் தரையைத் தேய்த்தாய். அந்தம்மா முன்னால் உன்னைக் கண்டித்துவிட்டு, வெளியே வந்ததும் பெருமை தாங்காமல் உனக்கு வெண்ணெய் மணக்கும் பெண்ணெ தோசை வாங்கிக் கொடுத்தேன். என் மகள் ஒரு பேச்சைக் காப்பாற்றுவாள் என்று உன் அப்பாவிடம் நாள் முழுக்கச் சொன்னேன். அது அடுத்த வீட்டு விவகாரம், இனித்தது. இப்போது என் விவகாரம், கசக்கிறது. நான் நியாயம் பேசவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும், ஒரு வாரத்துக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். நேற்று நான் அமுதாவைத் திட்டிக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாளா ஒருத்தி என்றேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ஹரிணி மூக்குல புளியங்கொட்டையப் போட்டுக்கிட்டப்ப நீ யார்கிட்ட சொல்லிட்டு ஓடின?" என்றார். நான் கீரையைத் தட்டோடு நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டேன். வாசல் கதவைத் திறந்து போட்டு, அடுப்பில் குழம்பு தீய, நைட்டியோடு உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை, ஹரிணி.

அசோசியேஷன் தலைவர் ஒரு வக்கீலை வைத்திருக்கிறார். நாளை நான் சொல்ல வேண்டியதை அவர் எனக்குப் பாடம் நடத்திவிட்டார். கிடைத்த தகவலை வைத்து, குழந்தையின் பாதுகாப்புக்காக, நல்ல எண்ணத்தில் செய்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். "மன்னிப்புங்கிற வார்த்தை வாயிலிருந்து வரக்கூடாது மேடம். அது ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கு அவங்க பெரிய கேஸா போட்டா பில்டிங்கே மாட்டிக்கும்" என்றார். மனு நகலில் டாக்டர் சாட்சி சொல்லத் தயார் என்று போட்டிருக்கிறது. நான் இன்னும் ரோட்டைத் தாண்டவில்லை. போய்க் கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் அப்புறம் தெரியாத மாதிரி உட்கார முடியாது. நாளைக்கு என்ன சொல்லப்போகிறேன் என்று இந்த நிமிஷம் வரை எனக்கே தெரியவில்லை. பிரஷர் மாத்திரை போட்டும் காது ரெண்டும் சுடுகிறது.

காலிங் பெல் அடிக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

வந்தது மூன்றாம் மாடிப் பெண். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அழுதாள். ஒரு விஷயம் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஆன்ட்டி, ப்ளீஸ், நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. எங்க வீட்ல தெரிஞ்சா அவ்ளோதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அவள் போனதும் சோபாவில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவள் சொன்னதை நாளைக்கு அந்த அறையில் போட்டு உடைத்தால் என் தலைக்குமேல் இருக்கிற கத்தி அவள் தலைக்கு மேல் போய்விடும். எனக்கு எத்தனை சௌகரியம், பார். சொல்லாமல் இருந்தால் மொத்தமும் என் மேல். இதை உனக்காவது போன் செய்து சொல்லிவிட வேண்டும் என்று உதடு துடித்தது. பாதி நம்பர் அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். இப்படித்தானேடி இருந்திருக்கும் உனக்கு? ஒரு மாதம் எப்படித் தாங்கினாய்? எனக்கு ஒரு மத்தியானத்துக்கே மூச்சு முட்டுகிறது. அவள் என்ன சொன்னாள் என்று உனக்கும் எழுதப் போவதில்லை.

மேலே எழுதியதெல்லாம் முந்தாநாள். இது அதற்குப் பிறகு.

அறையில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்று சமரசம் செய்து வைத்த வக்கீலம்மா சொன்னார். அதனால் அமுதாவிடமே கேட்டேன், என் மகளுக்கு எழுதலாமா, அவள் கூடப் படிக்கிற பிள்ளைகளும் படிக்கலாமா என்று. "எழுதுங்கம்மா. என் போட்டோவ மட்டும் போட்றாதீங்க" என்றாள். அவள் உண்மைப் பெயர் அமுதா இல்லை. இந்தப் பெயரை அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். மேலே எழுதிய பக்கங்களிலும் அடித்து மாற்றியிருக்கிறேன், அசிங்கமாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

சின்ன அறை. ஒரு மேஜை, ஃபேன் கடகடக்கிறது. எங்கள் பக்கம் தலைவர், வக்கீல், நான். அந்தப் பக்கம் அமுதா, லீகல் சர்வீஸ் கொடுத்த வக்கீல், பின்னால் உன் வகுப்புப் பெண் ஒருத்தி, கண்ணாடி போட்டவள். அவள் வாயே திறக்கவில்லை. அமுதா தண்ணீருக்குத் திரும்பும்போதெல்லாம் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். அமுதா என்னைப் பார்க்கவில்லை. இளைத்துப்போயிருந்தாள். எங்கள் வக்கீல் முந்திக்கொண்டு, அசோசியேஷன் மனிதாபிமான அடிப்படையில் ஏதோ ஒரு தொகை தரத் தயார் என்று ஆரம்பித்தார். வக்கீலம்மா அவரைக் கையமர்த்திவிட்டு அமுதாவிடம், "நீங்க சொல்லும்மா. உங்களுக்கு என்ன வேணும்?" என்று தமிழில் கேட்டார்.

"பணம் வேணாங்க" என்றாள் அமுதா. "நான் எங்க வேலைக்குப் போனாலும் கேட்லயே திருப்பி அனுப்பறாங்க. என் போட்டோ ஒட்டி வச்சிருக்காங்க. என் பொண்ண ஸ்கூல்ல கேக்கறாங்க, உங்கம்மா புள்ள புடிக்கிறவளான்னு. அவ ஸ்கூலுக்கே போவ மாட்டேங்குது. அந்த போட்டோ எந்தெந்த கேட்ல இருக்குதோ, அங்கல்லாம் இந்தம்மா என்கூட வந்து, இவ அப்படிப்பட்டவ இல்லன்னு நேர்ல சொல்லட்டும். அது போதும்."

எங்கள் வக்கீல் சிரித்துவிட்டார். அதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது, வேண்டுமானால் எல்லா குரூப்பிலும் திருத்தம் போட்டு ஒரு மெசேஜ் அனுப்பிவிடலாம் என்றார். "மெசேஜ் வேணாங்க. மறுபடியும் என் மூஞ்சிதான் ஊரெல்லாம் சுத்தும்" என்றாள். வக்கீலம்மா என்னைப் பார்த்தார். தலைவர் மேஜைக்கு அடியில் என் முழங்கையைத் தொட்டார். பாடம் பண்ணிக்கொண்டு போன வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. மூன்றாம் மாடிப் பெண் சொன்னதும் அதன் பக்கத்திலேயே இருந்தது. எதைச் சொன்னாலும் நான் தப்பித்துவிடலாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவைத் தட்டினாளா இல்லையா என்பதே எனக்குத் தேவையில்லாத விஷயம். நான் யாரையும் கேட்கவில்லை. ஒரு போன்கூடச் செய்யாமல் ஒரு பெண்ணைப் பிள்ளை பிடிக்கிறவள் ஆக்கினேன். இதற்கு எனக்கு யார் சாட்சி வேண்டும்?

"நான் வரேன்" என்றேன். அமுதா பக்கம் திரும்பினேன். மறுபடி சொன்னேன். "நான் எதையும் விசாரிக்கலம்மா. அவசரப்பட்டுட்டேன். என்ன மன்னிச்சிடு. எந்த கேட்டுக்குச் சொல்றியோ அங்க வரேன்."

தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இது அசோசியேஷன் முடிவு இல்லை, என் சொந்த முடிவு என்று பதிவு செய்யச் சொன்னார். செய்துகொள்ளட்டும். செக்ரட்டரி பதவி இந்த வாரமே போய்விடும், போனால் போகிறது, குப்பை லாரிக்காரரோடு சண்டை போட வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். கையெழுத்துப் போடும்போது உன் வகுப்புப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. அவளும் சொல்லியிருக்க மாட்டாள், நீங்கள் எல்லாம் ஒரே மாதிரி.

ஆனேக்கலிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக ரோட்டைத் தாண்டி டாக்டர் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருக்கும் நர்ஸுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "கடலைய எடுத்ததும் கொழந்த சிரிச்சிடுச்சு, அந்தம்மாதான் அழுதுகிட்டே இருந்தாங்க" என்றாள். இத்தனை நாளும் வாசலைத் திறந்துதான் வைத்திருந்தார்கள்.

இன்று காலை போனோம். நான் செக்ரட்டரியாக இருப்பதால் எல்லா கேட்டிலும் மரியாதையாகப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி, "ஸ்வல்ப நில்லி மேடம்" என்று வெயிலில் நிறுத்திவிட்டு போனை என் முகத்துக்கு நேரே நீட்டி ஒரு போட்டோ எடுத்தான். யார் வீட்டுக்கு, என்ன வேலை, ஆபீஸில் ஓகே சொன்னால்தான் உள்ளே என்றான். அமுதா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பழகினவள் மாதிரி ஓரமாக நின்றாள். எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். நம் கேட்டில் இந்த முறையை வைக்க வேண்டும் என்று கூட்டத்தில் மேஜையைத் தட்டிப் பேசியவளே நான்தான். அங்கே மேனேஜர் நல்ல மனிதர், கேட்டுக்கொண்டார், எங்கள் எதிரிலேயே செக்யூரிட்டியைக் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த இடத்தில், எங்கள் கமிட்டி கூடித்தான் முடிவு செய்யும், திங்கட்கிழமை வாருங்கள் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்கள். திங்கட்கிழமை போவோம்.

மூன்றாவது கேட்டில் செக்யூரிட்டி அறைக்குள் அந்தப் போட்டோவைப் பார்த்தேன். பெரிதாக பிரிண்ட் எடுத்து, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். தலையில் கனகாம்பரம், கையில் ஸ்வீட் பாக்ஸ், வாய் நிறையச் சிரிப்பு. அன்றைக்கு நான்தான் அந்த பாக்ஸைக் கொடுத்து, நல்லா சிரிடி, வருஷத்துக்கு ஒரு தரம்தான் ஸ்வீட் கிடைக்குது என்று கிண்டல் செய்தேன். அவள் சிரித்த சிரிப்பின் கீழே நான் எழுதிய வரி. செக்யூரிட்டியிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். அவன் டேப்பைப் பிய்த்து அமுதா கையில் கொடுத்தான். அவள் அதைக் கிழிப்பாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் படத்தின் ஓரத்தை விரலால் தொட்டு என்னிடம் காட்டினாள்.

"இது உங்க புடவைதானேங்கம்மா?"

ஆமாம். நீலப் பட்டு, பச்சைக் கரை, நீ முதல் வருஷம் பாஸ் செய்ததற்கு எடுத்தது. அவளை வெட்டி எடுத்த அவசரத்தில் என் தோள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அவள் தோள்மேல் நான் கை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். விரல்கள்கூடத் தெரிகின்றன. பார்க்கிற யாருக்கும் அது தெரிந்திருக்காது. நான் அந்தக் கேட்டுக்கு வெளியே, பைக்கில் போகிறவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க, நின்ற இடத்திலேயே அழுதேன். அமுதா என்னைச் சமாதானம் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அழுது முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள். அப்புறம், "இன்னிக்கு இன்னும் ரெண்டு கேட்டு இருக்குங்கம்மா, வெயில் ஏறறதுக்குள்ள போலாம்" என்றாள்.

நீ வக்கீலாகப் போகிறாய், உனக்கு நான் என்ன புத்தி சொல்வது. ஒன்றே ஒன்று. உன் எதிரே உட்கார்ந்து யாராவது பேசும்போது, அவர்களுக்கு எதிர்ப் பக்கம் இருப்பவளும் ஒரு வீட்டில் தோசை ஊற்றுகிறவள்தான் என்று நினைத்துக்கொள். அதற்காக அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லிவிடாதே. சொல்லாமல் இருந்தது சரி. எனக்கு வலித்தது, வலிக்கிறது, ஆனாலும் சரி. அமுதா உன்னிடம் என்ன சொன்னாள் என்று இனி உன் அம்மா கேட்க மாட்டாள். என்னிடம் மூன்றாம் மாடிப் பெண் என்ன சொன்னாள் என்று நீயும் கேட்காதே. நம் வீட்டில் இரண்டு பேரும் இரண்டு பேச்சை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாம், தப்பில்லை.

நாளைக்கு மிச்சமிருக்கும் கேட்டுகளுக்குப் போகிறோம். நீ வராதே, உங்கள் விதிப்படி வரவும் கூடாதாமே. சனிக்கிழமை முகாம் முடிந்ததும் வீட்டுக்கு வா. சர்வீஸ் லிஃப்டில் உங்கள் நோட்டீஸை யாரோ கிழித்துவிட்டார்கள், வரும்போது புதிதாக ஒன்று எடுத்து வா. என் வீட்டுச் சோறு என்று அன்றைக்குச் சொன்னேன். அது பொய். நீ பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் உனக்காகத்தான் உலை வைத்திருக்கிறேன். நீ போன நாளிலிருந்து அளவு தெரியாமல் தினமும் மிஞ்சுகிறது.

அம்மா